இறுகிப்போன பூட்டும் தாழ்ப்பாளும் இளக: சில பயனுள்ள குறிப்புகள்

தண்டலத்தில் வீட்டு இரும்புச் சாமான்களுக்கு இரண்டு எதிரிகள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராவும் பகலும் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துக்கொள்ளும் மழை ஈரம் இன்னொன்று. இரண்டும் பழைய எண்ணெயோடு சேர்ந்துவிட்டால் பூட்டு திறக்காது, தாழ்ப்பாள் நகராது, தையல் மெஷின் மிதிக்க மிதிக்கக் கால் வலிக்கும்.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்து ஆலைகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு ‘கிளிட்’ என்ற சொல் பழக்கம். கிளீனிங், லூப்ரிகேஷன், இன்ஸ்பெக்‌ஷன், டைட்டனிங் என்ற நான்கின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. மெஷினைத் தொடும்போது துடைப்பதுதான் முதல் வேலை, எண்ணெய் அதற்குப் பிறகு. துடைக்கிற கைக்குத்தான் விரிசலும் ஆட்டமும் முதலில் தட்டுப்படும். வீட்டுக்கும் இதே வரிசைதான் சரி. கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் இதை ஒட்டியவை.

1. எண்ணெய்க் கேனை எடுக்கும் முன், இறுகிய சாமானை மெதுவாக நகர்த்திக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘கீச்’சென்று கத்தினால் காய்ந்துபோயிருக்கிறது, எண்ணெய் கேட்கிறது. ‘கரகர’வென்றால் உள்ளே மண். சத்தமே இல்லாமல் முழு தூரமும் கனமாக வந்தால் பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது. நன்றாக வந்து ஒரே இடத்தில் மட்டும் தட்டினால் அங்கே வளைவோ பிசிறோ இருக்கிறது, அதற்கு எண்ணெய் மருந்தாகாது. பாதி நோய் இந்த ஒரு நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும்.

2. கதவுப் பூட்டு பிடிக்கிறதா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்த கதவில் வழுக்கிக்கொண்டு வந்து, சாத்திய கதவில் மட்டும் பிடித்தால் பூட்டில் குறையில்லை. கதவு தொங்கியிருக்கிறது. பூட்டை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

தாழ்ப்பாளுக்கும் அப்படியே. கம்பியின் நுனியில் ஈரக் குங்குமம் தொட்டுவைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளுங்கள். நிலையில் எந்த இடத்தில் சிவப்பு ஒட்டுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. பெரும்பாலும் துளைக்குக் கொஞ்சம் கீழே ஒட்டியிருக்கும். மேல் கீலின் ஸ்க்ரூக்கள் தளர்ந்து கதவு இறங்கியதற்கு அது அடையாளம். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால் கழற்றிவிட்டு, ஓட்டையில் ஃபெவிக்கால் தொட்ட தீக்குச்சிகளைத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி முடுக்குங்கள். கதவு மேலேறும், தாழ்ப்பாள் தானாக விழும்.

3. தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான், விட்டவுடன் பூட்டு திறக்கவும் செய்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் நம் பக்கம் அதைவிடக் குளிரும். குளியலறையில் எண்ணெய் பாட்டில் கட்டியாகி நிற்கும் அதே காலையில் பூட்டுக்குள் இருக்கும் எண்ணெயும் கட்டியாகித்தான் நிற்கிறது. நல்லெண்ணெயின் குறை வேறு: காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் பிசின்போல் ஆகிவிடும். எந்தச் சமையல் எண்ணெயும் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், புழுதியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெய் சமையல் சாமானுக்கு மட்டும்.

பூட்டு, கீல், தையல் மெஷின் போன்ற சிறு சாமான்களுக்குத் தையல் மெஷின் ஆயில். நீர்போல் மெல்லியது, நிறமில்லாதது, எளிதில் பிசுக்குப் பிடிக்காது. கனம் தாங்கும் இடத்துக்கும் மழை படும் இடத்துக்கும், அதாவது இரும்பு கேட்டின் கீல், கேட் சக்கரம், சங்கிலிக்கு, கிரீஸ். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் சிறிய டப்பா கிடைக்கும். தூசி அடிக்கும் சாவித் துவாரத்துக்கும் ஜன்னல் தடத்துக்கும் உலர்ந்த பொருள்: கிராஃபைட் பொடி, மெழுகு, சிலிக்கான் ஸ்பிரே. இந்த மூன்று வகையும் தெரிந்தால் போதும்.

4. டபிள்யூ.டி.-40 எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. நல்ல பொருள், ஆனால் என்ன வேலைக்கு என்று தெரிந்து வாங்க வேண்டும். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ராக்கெட் பாகங்களில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்க உருவாக்கப்பட்டது. நீரை விரட்டும் 40-ஆவது கலவை என்பதே பெயரின் பொருள். ஆகவே ஈரத்தை விரட்டவும், துருவை இளக்கவும், பழைய பிசுக்கைக் கரைக்கவும் கெட்டி. அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுவதால், அடித்த அன்று வழுக்கிய கீல் சில வாரத்தில் மறுபடி கத்தும். இதை அடித்துத் துடைத்தெடுத்த பிறகு, உரிய எண்ணெயைத் தனியாக விட வேண்டும்.

5. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இவற்றைப் போட்டு வையுங்கள்: மெஷின் ஆயில் ஒன்று, சின்ன கிரீஸ் டப்பா, மெழுகுவத்தித் துண்டு, 6பி அல்லது 8பி பென்சில், பழைய டூத் பிரஷ் இரண்டு, கொஞ்சம் பனியன் வேஸ்ட். பனியன் வேஸ்ட் ஹார்டுவேர் கடையில் எடைக்குக் கிடைக்கும். நூல் பிரியாமல் எண்ணெயை உறிஞ்சுவதில் அதற்கு ஈடு இல்லை.

6. தொங்கு பூட்டு. சாவித் துவாரம் மேலே பார்க்கும்படி பிடித்து, உள்ளே டபிள்யூ.டி.-40 அல்லது சில சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். சாவியை நுழைத்து, திருப்பாமல், உள்ளேயும் வெளியேயுமாக இழுங்கள். சாவி கறுப்பாக வெளியே வரும். துடையுங்கள், மறுபடி நுழையுங்கள். சாவி கறுப்பு ஒட்டாமல் வரும்வரை இதுதான் வேலை. அதற்குமுன் பலமாகத் திருப்பினால் சாவி உள்ளேயே முறிந்துவிடும். சுத்தமானதும் ஒரு நாள் வெயிலில் தொங்கவிட்டு, சாவியின் பற்களில் பென்சிலை நன்றாகத் தேய்த்து, பூட்டுக்குள் நுழைத்துத் திருப்புங்கள். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். பி எண் ஏற ஏற கிராஃபைட் கூடுதல், அதனால்தான் 6பி. கிராஃபைட் போட்ட பூட்டில் எண்ணெய் விடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் சேறாகிவிடும். வளைகம்பி நுழையும் துளைகளில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாம்.

வீட்டில் பழைய திண்டுக்கல் பூட்டு இருந்தால் அதைக் கொஞ்சம் மரியாதையாக நடத்துங்கள். கையால் செய்யப்பட்டு, 2019-ல் புவிசார் குறியீடும் பெற்ற சரக்கு. உள்ளே நெம்புகோல் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றுக்குள் கிரீஸ் போனால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். சாவியை அரம் போட்டுத் தேய்த்தால் தகடுகளின் கணக்கே தப்பிவிடும்.

7. சாவி நகல் எடுக்கும்போது தேய்ந்த சாவியைக் கொடுக்காமல், பீரோவில் வைத்திருக்கும் இரண்டாவது சாவியைக் கொடுங்கள். தேய்ந்ததற்கு நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும்.

8. மழைக்காலத்தில் மரக் கதவும் மர டிராயரும் இறுகுவது இயல்பு. மரம் ஈரம் குடித்து உப்புகிறது. அந்தச் சமயத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். தை பிறந்து மாசி வெயில் ஏறினால் மரம் சுருங்கும், இழைத்த இடம் சந்தாகிவிடும், அடுத்த நாலு மாதம் அந்தச் சந்து வழியே பல்லி வரும். இப்போதைக்கு உரசும் இடத்தில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து விடுங்கள். சோப்பு தேய்ப்பதும் உண்டு, ஆனால் சோப்பு ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்துக்கு மெழுகே மேல். மாசியிலும் இறுகினால் அப்போது இழைக்கலாம். இழைத்த கையோடு அந்த விளிம்புக்கு வார்னிஷ் அடிக்க மறக்காதீர்கள். பச்சையாக விட்ட விளிம்புதான் அடுத்த ஐப்பசியில் அதிகம் ஈரம் குடிக்கும்.

9. அலுமினியம், யு.பி.வி.சி. ஜன்னல் இழுக்க வரவில்லை என்றால் கீழ்த் தடத்தைப் பாருங்கள். எம்-சாண்ட் லாரி போகும் சாலை ஓரத்து வீடுகளில் அந்தத் தடத்தில் மணல் வரப்பே கட்டியிருக்கும். உலர்ந்த பிரஷால் பெருக்கி எடுத்த பிறகுதான் ஈரத் துணி, முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் சகதி. தடத்தின் வெளிப்பக்கம் மழைநீர் வடியச் சின்னத் துவாரங்கள் இருக்கும், ஊக்கால் குத்தி அடைப்பை எடுங்கள். இங்கே எண்ணெய் கூடவே கூடாது. ஜன்னல் பலகையின் கீழ் ஓரத்தில் சிறு துளையும் உள்ளே ஸ்க்ரூவும் தெரிந்தால் அது ரோலரை ஏற்றி இறக்குவதற்கானது. ஒரு சுற்று திருப்பினாலே பலகை தடத்தில் உரசாமல் மேலே எழும்.

10. மாடுலர் கிச்சன் டிராயரின் சேனலில் சின்ன இரும்புக் குண்டுகள் ஓடும். அவற்றில் முடியும் மாவும் சுற்றிக்கொள்கிறது. துடைத்து, விரல் நுனியளவு கிரீஸ் போதும்.

11. தையல் மெஷின். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த மெஷினாக இருக்கட்டும், பாட்டி காலத்து உஷாவாக இருக்கட்டும், இறுகினால் ஒரே முறைதான். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைச்சக்கரத்தைத் தையல் ஓடும் திசையில் கையாலேயே சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் மெஷின் தலையில் குறை இல்லை. பெல்ட் அதிக இறுக்கம், அல்லது கீழே மிதிக்கும் பலகையின் கனெக்டிங் ராடு காய்ந்திருக்கிறது. கைச்சக்கரமே கனமாக இருந்தால் தலையில்தான் குறை.

ஊசி, பாபின் கேஸ் கழற்றுங்கள். ஊசித் தட்டின் ஸ்க்ரூக்களை எடுத்தால் துணி நகர்த்தும் பற்கள் தெரியும். அவற்றின் இடையில் நூல் பஞ்சு அமுங்கி அமுங்கி அட்டைபோல் ஆகியிருக்கும். ஊசி முனையால் நெம்பினால் பட்டையாக எழுந்து வரும். அடுத்து ஷட்டில். அறுந்த நூல் துண்டு ஒன்று ஷட்டில் ஓடும் வளையத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வது சர்வ சாதாரணம், அந்த ஒரு துண்டே மெஷினை நிறுத்திவிடும். கைச்சக்கரத்தின் அச்சிலும் பார்க்க வேண்டும். பாபின் சுற்றும்போது நழுவிய நூல் அங்கே சுற்றி இறுகியிருக்கும், பிளேடால் கவனமாக அறுத்து இழுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எண்ணெய். மெஷினின் மேல்பக்கமும் பக்கவாட்டிலும் எண்ணெய் விடும் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. மெஷினைப் பின்னால் சாய்த்து, அடியில் இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு. பழைய பிசின் விடாமல் பிடித்தால், துளைகளில் முதலில் மண்ணெண்ணெய்ச் சொட்டு விட்டு வேகமாக ஓட்டி, கறுத்து வழிவதைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். கழிவுத் துணியில் கொஞ்ச தூரம் தைத்த பிறகே நல்ல துணியைத் தொடுங்கள், இல்லாவிட்டால் பட்டு ஜாக்கெட்டில் எண்ணெய்க் கறை நிச்சயம்.

12. முறுக்கு நாழி, இடியாப்ப நாழிக்கு மெஷின் ஆயிலும் டபிள்யூ.டி.-40-ம் காட்டவே கூடாது. போன தீபாவளி மாவு உள்சுவரில் காய்ந்து படிந்ததால்தான் பித்தளை நாழி இறுகுகிறது. வெந்நீரில் ஊறவைத்து, புளி தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உள்ளே நல்லெண்ணெய் தடவிப் பிழியுங்கள். இங்கே சமையல் எண்ணெய்தான் சரி.

13. அடிபம்பு உள்ள வீடுகளுக்கு: ஊருக்குப் போய்த் திரும்பியதும் பம்பு கனமாகவோ, தண்ணீர் ஏறாமலோ இருந்தால் உள்ளே தோல் வாஷர் காய்ந்து விறைத்திருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றிச் சற்று ஊறவிட்டு அடியுங்கள். புது தோல் வாஷர் போடும்போதும் ஒரு ராத்திரி நீரில் ஊறவைத்த பிறகே போட வேண்டும். கைப்பிடியின் ஆணியில் கிரீஸ் தடவுங்கள்.

தெருவில் நிற்கும் இந்தியா மார்க்-2 பம்பில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் கிரட்டாஸ் ஆலையில் தயாரானது. பிறகு இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்க நாடுகளிலும் போய் நின்றது. அதன் தலைக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது, அதற்கு அவ்வப்போது கிரீஸ் வேண்டும். உங்கள் தெருப் பம்பு இழுக்கும்போது கத்தினால் ஊராட்சியில் சொல்லுங்கள், மூடியைத் திறந்து கிரீஸ் வைக்கச் சில நிமிடமே ஆகும்.

14. ஷிப்டுக்கு வண்டியில் போகிறவர்கள் கிளட்ச் பிடித்தே மணிக்கட்டு வலி என்பார்கள். கேபிளின் மேல்முனையைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரை அதன்மேல் புனல்போல் கட்டி, மெஷின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். கீழ்முனையில் சொட்டினால் வேலை முடிந்தது. கேபிளில் ஒரு இழை பிய்ந்திருந்தாலும் எண்ணெய் வேண்டாம், புதுசு போடுங்கள். பிரேக் டிஸ்க், டிரம் பக்கம் எண்ணெய் ஒரு சொட்டுகூடத் தெறிக்கக் கூடாது.

15. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களும், பணம் ஏற்றும் வண்டிகளிலும் நிறுவன வாசல்களிலும் காவல் நிற்பவர்களும் நம் பகுதியில் உண்டு. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் தயாரிப்பிலும் உண்டு. புதிதில் முன்பிடி கனமாக வருவது சகஜம். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி கிரீஸும், இன்னும் இழையாத இரும்பும் காரணம். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகு, முன்பிடி ஓடும் குழாயின் மேல்பக்கத்தைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசலாம். புழக்கத்தில் மீதி தானே இழையும். வீட்டில் செய்ய வேண்டியது இத்தோடு சரி. பிரித்து அரம் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது எதுவும் கூடாது. ஒரு பாகம் தேய்ந்தாலும் நினைக்காத நேரத்தில் வெடிக்கக்கூடும். பிற்பாடு இறுகினால் உரிமையாளர் தானே எடுத்துக்கொண்டு, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும். லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அவரிடம் கொடுக்காதீர்கள், அவருக்கும் வம்பு.

16. அரம், உப்புத்தாள் பற்றிப் பொதுவாகவும் ஒன்று. அழுக்கை எடுத்தால் திரும்பச் சேர்ந்துவிடும், இரும்பை எடுத்தால் திரும்பாது. ஆகவே அரம் எப்போதும் கடைசிக் கருவி, அதுவும் எங்கே இடிக்கிறது என்று குங்குமம் வைத்துப் பார்த்த பிறகே.

17. துடைக்கப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம், ஆனால் சுமார் 35 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆவியும் பொறியில் பற்றிக்கொள்ளக்கூடும். ஸ்ரீபெரும்புதூர், சித்திரை வெயில் 40-ஐத் தொடும் ஊர். காற்றோட்டமான வாசலில், அடுப்பிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளி, காலை வேளையில் செய்யுங்கள்.

18. கடை ஷட்டர் தூக்க முடியவில்லையா? இருபக்கச் சேனலையும் பெருக்கித் துடைத்து மெழுகு தேய்ப்பதோடு நிறுத்துங்கள். சேனலில் கிரீஸ் வைத்தால் சாலைப் புழுதி முழுக்க அங்கே வந்து சேரும். மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறி நிற்பது. தெரியாமல் கழற்றினால் விரலையோ கண்ணையோ பறித்துவிடும். ஷட்டர் வேலைக்காரரைக் கூப்பிட ஆகும் காசைப் பார்க்காதீர்கள்.

19. கடைசியாக கேட் வால்வு. போர் தண்ணீரின் உப்பு படிந்து, திறந்தது திறந்தபடியே ஆண்டுக்கணக்கில் நிற்கும் வால்வு, குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் பீறிடும் அன்று அசையாது. ஸ்பேனரில் பைப் மாட்டி நெம்பினால் தண்டு முறியும். தண்டைச் சுற்றியுள்ள நட்டை லேசாகத் தளர்த்தி, டபிள்யூ.டி.-40 அடித்து ஊறவிடுங்கள். பிறகு கொஞ்சம் மூடும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று மாற்றி மாற்றி ஆட்டினால் உப்பு உடைந்து வழிவிடும். நட்டைத் திரும்ப முடுக்கிவிடுங்கள். முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி நிறுத்துங்கள், அடுத்த முறை பிடிக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய் உங்கள் வீட்டு வால்வை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை அதைச் செய்கிற வீட்டில் வால்வு இறுகுவதே இல்லை.